எண்ணூர் ஆற்றைப் பாக்டீரியாவுக்குள் வைத்தவர்

திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது எங்கள் கல்லூரி ஆய்வகப் பணியாளர் காஜாவின் போன் வந்தது. “மேடம், சுகந்தி மேடம் பூட்டாங்க. காலைல நெஞ்சு வலி.” மீனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன்.

சுகந்தியோடு வேலை பார்த்த உங்களுக்கு அவருடைய வாயைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அவருடைய ஆய்வு இதுதான்: எழுத்தை டிஎன்ஏ ஆக்கி ஒரு பாக்டீரியாவுக்குள் வைத்தால், அது பெருகப் பெருக எழுத்தும் பெருகும், காலங்காலமாக நிற்கும். இது காதில் விழுந்ததும் நம் கல்லூரித் தாளாளர் தன் ஆண்டுவிழா உரையை அப்படிச் சேமிக்கச் சொன்னார். சுகந்தி சிரிக்காமல் பதில் சொன்னார்: “உயிருள்ளது எதுவும் வேண்டாத சுமையைக் கழற்றிப் போட்டுடும் சார். உங்க பேச்சு ஒரு வாரம் தாங்காது.” அத்தோடு அவருடைய பதவி உயர்வு போயிற்று. அந்த மனிதருக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

சுகந்தி சேமித்தது பொன்னியின் பேச்சை. எண்ணூர் முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிக்கிறவர் பொன்னி. அனல்மின் நிலையச் சாம்பல் வந்து ஆற்றை மூடுவதற்கு முன் எந்தச் சேற்றில் எந்த இறால் கிடந்தது என்று அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்தோம். “கிருமிக்குள்ளயா வைக்கப்போற? வையி. ஆபீசருங்களுக்குச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அதுனாச்சும் கேட்டுகினு கெடக்கட்டும்” என்றார் பொன்னி. ஆற்றுச் சேற்றில் எடுத்த பாக்டீரியாவிலேயே அதை ஏற்றி, சிதையாமல் இருக்கிறதா என்று மறுபடி மறுபடி சோதித்துக் காத்தார் சுகந்தி. பதிவு இருந்த பழைய கணினியைக் கல்லூரி காயலான் கடைக்குப் போட்டுவிட்டது. ஆய்வக ஃப்ரிட்ஜில் இருந்த பாக்டீரியாக் குழாய்களைத் தவிர வேறு நகல் இல்லை.

இரங்கல் கூட்டத்தில் தாளாளர், “அம்மையாரின் ஆய்வு ஆயிரம் ஆண்டு வாழும்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டினார்கள். துக்கம் பேசும் இடத்தில் கைதட்டுகிற ஜென்மங்கள்! பிறகு எல்லோருக்கும் ஜில்லென்று ரோஸ்மில்க் வந்தது. டம்ளரை நீட்டிய காஜா என் காதருகே குனிந்தார். “இத்த வைக்கறதுக்கு ஃப்ரிட்ஜைக் காலி பண்ணிட்டாங்க மேடம். தாளாளர் ஆர்டராம். குழாயெல்லாம் கொதிக்க வச்சு ஊத்திட்டானுங்க. வாணாம்னு கத்துனேன், ஒருத்தனும் கேக்கல.”

அடுத்துப் பேச வேண்டியவள் நான். மைக்கைப் பிடித்து, “நல்லா குடிங்க. சுகந்தியோட ஆயிரம் வருஷத்தைக் கொட்டிட்டுதான் இதை வச்சிருந்தாங்க” என்றேன்.

ஒருவர்கூட டம்ளரைக் கீழே வைக்கவில்லை. சுகந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவர்கள்மேல் உள்ள இந்த இளக்காரம் ஒன்றுதான். சாகும்வரை இதை விடமாட்டேன்.