மூன்றாம் எண் உப்பு

கல்வியாண்டு தொடங்கியதும் என் மேஜைக்கு முதலில் வந்து சேர்வது பிள்ளைகள் இல்லை, படிவங்கள்தான். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு இந்த ஆண்டு எத்தனை தேர்வு, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி, அதில் மனப்பாடமாக எழுதுவது எவ்வளவு, யோசித்து எழுதுவது எவ்வளவு, செய்முறைக்கான மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். மாநிலப் பாடத்திட்டம் மத்தியப் பாடத்திட்டமாக மாறிய பிறகு கட்டங்கள் இன்னும் கூடிவிட்டன. நிரப்பியதை யாரும் படிக்கமாட்டார்கள். நிரப்பாமல் விட்டால் மட்டும் எங்கிருந்தோ ஒருவர் படித்துவிட்டு போன் செய்வார்.

எனக்கு வீடு வில்லியனூரில். வேலை, பாகூர் பக்கம் ஒரு கிராமத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். ஸ்கூட்டரில் போகும்போதே மனதுக்குள் கட்டங்களை நிரப்பிக்கொண்டு போவேன். செய்முறைத் தேர்வுக்கு எதிரே 'கற்றல் விளைவு' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் வருடா வருடம் ஒரே வாக்கியத்தைத்தான் எழுதுவேன்: மாணவி தான் கண்டதைக் கண்டபடி பதிவு செய்வாள். மற்ற கட்டங்களில் எழுதியதெல்லாம் ஒப்புக்கு. இதை மட்டும் நம்பி எழுதினேன். வகுப்பிலும் தொண்டை வறளச் சொல்வேன். "புத்தகத்துல இருக்கறத எழுதாதீங்கடி. உங்க டெஸ்ட் டியூப்ல இருக்கறத எழுதுங்க."

அதை அப்படியே எடுத்துக்கொண்டவள் ஒருத்தி. சோரியாங்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவாள். அதிகம் பேசமாட்டாள். அவளுக்கு லேப் டெக்னீஷியன் படிக்க வேண்டும். அப்பாவுக்குச் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு அக்கா கண்ணாடித் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாளாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்களைக் கூட்டி இடம் கொடுப்பார்கள். ஒரு மதிப்பெண்ணில் இடம் தவறிப்போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவளும் கேள்விப்பட்டிருந்தாள். அதனால் செய்முறை மதிப்பெண்ணை ஒன்றுகூடச் சிந்தாமல் வாங்கிவிட வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அதில் உப்புப் பகுப்பாய்வுக்கு மட்டும் எட்டு.

உப்புப் பகுப்பாய்வு என்றால், பெயர் சொல்லாமல் ஒரு உப்பைக் கொடுப்போம். கரைத்து, சூடாக்கி, அமிலம் விட்டு, அது என்ன உப்பு என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். மாநிலப் பாடத்திட்டக் காலத்திலிருந்தே எனக்குப் பிடித்தது அதில் வரும் சாம்பல் சோதனை. உப்புக் கரைசலில் கோபால்ட் நைட்ரேட்டும் அமிலமும் சில சொட்டு விட்டு, வடிதாளை நனைத்து எரிக்க வேண்டும். சாம்பல் பச்சையாக இருந்தால் துத்தநாகம், அதாவது ஜிங்க். இளஞ்சிவப்பாக இருந்தால் மெக்னீசியம். பிள்ளைகளுக்கு அது வாணவேடிக்கை மாதிரி. பயிற்சி வகுப்பில் பச்சைச் சாம்பல் வந்த அன்று இவள் பீங்கான் கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை. பக்கத்து வகுப்புக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தாள்.

பயிற்சியிலேயே ஜிங்க் சல்பேட் தீர்ந்துவிட்டது. கேட்டு எழுதியது வரவில்லை. ஆய்வக உதவியாளர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து அந்த இடமும் காலி. புட்டி கழுவுவது, லேபிள் ஒட்டுவது, உப்பு வாங்குவது எல்லாம் நான்தான். தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வழியில் இருந்த உரக்கடையில் வண்டியை நிறுத்தினேன். எங்கள் பக்கம் நெற்பயிர் மஞ்சள் பூத்தால் போடுவது அந்த ஜிங்க்தானே. கடைக்காரர் மூட்டையிலிருந்து அள்ளி ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். "ஸ்கூலுக்கா? எடுத்துக்கினு போங்க மேடம்" என்றார். பளபளவென்று நல்ல வெள்ளைப் படிகம். அப்படியே மூன்றாம் எண் புட்டியில் கொட்டினேன்.

ஒரு சிட்டிகை எடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் நான் திருத்திய மதிப்பீட்டுத் திட்டத்தைப் பதிவேற்றிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தேர்வுக்கு முதல் நாள் பிள்ளைகளுக்கு உப்பைச் சொல்லிவிடுவது என்று ஒரு வழக்கம். நான் படித்த காலத்தில் எனக்கும் சொன்னார்கள். நான் ஆசிரியையாக வந்தபோது சொல்லமாட்டேன் என்றிருந்தேன். முதல் ஆண்டு ஒரு மணப்பட்டுப் பெண் தேர்வில் கை நடுங்கி, எல்லாக் குழாயையும் கவிழ்த்துவிட்டு அழுதாள். அடுத்த ஆண்டிலிருந்து நானும் சொல்ல ஆரம்பித்தேன். ஆனால் உப்பின் பெயரைச் சொல்வதில்லை, நிறத்தை மட்டும் சொல்வேன். "மூணாம் நம்பர் வந்தவங்க பச்சையைப் பாக்க மறந்துடாதீங்க." பெயரைச் சொல்லவில்லையாம், நியாயமாம். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிடுமா என்ன?

தேர்வன்று வேறு பள்ளியிலிருந்து புறத்தேர்வாளர் வந்திருந்தார். என்னைவிட வயதில் மூத்தவர். எந்த எண் எந்த உப்பு என்ற பட்டியலை நான் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் சீட்டு எடுத்தார்கள். ஆறு பேருக்கு மூன்றாம் எண் வந்தது. அதில் அவளும் ஒருத்தி.

அரை மணி நேரம் கழித்து அவள் மேஜைப் பக்கமாகப் போனேன். மெதுவாகக் கூப்பிட்டாள்.

"மிஸ், எனக்குப் பிங்க் வருது."

"கிண்ணத்த சரியாக் கழுவியிருக்கமாட்டே. திரும்பச் செய்."

திரும்பச் செய்தாள். நான் அடுத்த சுற்று வரும்போது நிமிர்ந்து பார்த்தாள். "இப்பவும் பிங்க்தான் மிஸ். இன்னா பண்றது?"

புறத்தேர்வாளர் எங்கள் பக்கம் திரும்பினார். எனக்குப் பதற்றமாகிவிட்டது. "பச்சைதான் வரும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிவிட்டு நகர்ந்தேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. மற்ற ஐந்து பேரும் ஏற்கெனவே பச்சை என்று எழுதி முடித்திருந்தார்கள்.

பிள்ளைகள் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனதும் அவர் திருத்த உட்கார்ந்தார். நான் மேஜைகளை ஒழிக்கப் போனேன். அவள் இடத்தில் பீங்கான் கிண்ணம் இருந்தது. அதில் இளஞ்சிவப்புச் சாம்பல், சந்தேகத்துக்கு இடமில்லாமல். மூன்றாம் எண் புட்டியை எடுத்து நானே செய்து பார்த்தேன். சோடியம் ஹைட்ராக்சைடு விட்டதும் வெள்ளையாக வீழ்படிவு வந்தது. ஜிங்க் என்றால் இன்னும் கொஞ்சம் விட்டால் கரைய வேண்டும். விட்டுக்கொண்டே இருந்தேன், கரையவில்லை. தாளை எரித்தேன். பிங்க். உரக்கடையில் ஜிங்க் என்று கொடுத்தது மெக்னீசியம் சல்பேட். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

மற்ற ஐந்து கிண்ணங்களையும் பார்த்தேன். இரண்டில் இதே பிங்க் சாம்பல். மூன்றில் சாம்பலே இல்லை. அவர்கள் தாளை எரிக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்வதற்குள் புறத்தேர்வாளர் அவளுடைய தாளைத் திருத்திவிட்டிருந்தார். சல்பேட் என்பது சரி, மெக்னீசியம் என்பது தவறு. எட்டுக்கு நான்கு.

"சார், இந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி" என்றேன். புட்டியைப் பற்றிச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். மற்ற ஐந்து தாள்களையும் என் முன்னால் பரப்பினார். ஐந்திலும் ஒரே வார்த்தைகள், பச்சைச் சாம்பல்.

"அப்ப இவங்க பச்சைய எங்க பாத்தாங்க மேடம்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அவர் பள்ளியிலும் நிறங்கள் இருக்கும்.

"இவளுக்கு மட்டும் வேற உப்பு கொடுத்துத் திரும்பச் செய்யச் சொல்லலாமா சார்?"

"ஒருத்திக்கு மட்டும் ரெண்டாவது உப்பா? ஏன்னு யாராவது கேட்டா நான் இன்னா எழுதறது? ரெண்டே வழிதான். பட்டியல்ல ஜிங்க்ன்னு இருக்கட்டும், இவளுக்கு நாலு. இல்ல, மெக்னீசியம்ன்னு மாத்துங்க, காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இவளுக்கு எட்டு, மத்த அஞ்சு பேருக்கும் குறையும். இல்லாத பச்சைய எப்படி எழுதினாங்கன்னு விசாரணை வந்தா அது உங்களுக்கு. நீங்களே சொல்லுங்க மேடம்."

வெளியே அடுத்த பிரிவுப் பிள்ளைகள் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு எழுத்துத் தேர்வில் தேறுவதே சந்தேகம். அவர்களுக்காகத்தான் யோசித்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி, விசாரணை என்ற சொல். அதைக் கேட்டதும் எனக்கு வேலை, வீட்டுக் கடன், என் பையனின் படிப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்துவிட்டன. ஆறு பேரில் ஒருத்திதான் சோதனையை நம்பினாள். அவளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஐந்து பேரையும் என்னையும் காட்டிக்கொடுக்க வேண்டும். பட்டியலைக் கையில் எடுத்தேன், எதையும் திருத்தாமல் திரும்ப வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தார்.

அன்று மாலையே மதிப்பெண்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். உறுதி செய்துவிட்டால் பிறகு யாராலும் திருத்த முடியாது. அவர் வாசிக்க வாசிக்க நான்தான் தட்டினேன். அவள் எண் வந்தபோது ஒரு நிமிடம் நிறுத்தினேன். "மேடம், பஸ்ஸுக்கு நேரமாவுது" என்றார். தட்டினேன்.

அடுத்த வாரம் ஹால் டிக்கெட் வாங்க அவள் வந்திருந்தாள். ஆய்வகத்துக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். மதிப்பெண்ணைச் சொல்லக்கூடாது என்பது விதி. அந்த விதியையாவது மீறுவோம் என்று தோன்றியது.

"அந்த உப்பு மெக்னீசியம்தான். நீ எழுதினதுதான் சரி. புட்டியில நான்தான் மாத்திப் போட்டுட்டேன்."

"தெரியும் மிஸ். ரெண்டு தடவ பாத்தேனே."

அவள் முகத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது. நான் மேலே பேசாமல் நின்றதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

"எவ்ளோ போச்சு மிஸ்?"

"நாலு."

"மாத்த முடியாதா?"

"முடியாதும்மா."

விரலை மடக்கி ஏதோ கூட்டிப் பார்த்தாள். என் மேல் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஹால் டிக்கெட்டை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரி மிஸ். எங்க தங்கச்சி இந்த வருஷம் லெவன்த் சேர்றா, சயின்ஸ் குரூப்புதான். அவகிட்ட சொல்லிடறேன்."

"என்ன சொல்லப்போறே?"

"இன்னா கலர் வந்தாலும் அதப் பாக்காதடி, மிஸ் சொல்ற கலர எழுதுன்னு."

குத்திக்காட்டவில்லை. தங்கைக்கு உண்மையிலேயே உதவுகிற குரலில்தான் சொன்னாள். அப்படிச் சொல்லாதே என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கைக்கும் நாலு மதிப்பெண் போனால் நானா எடுத்துத் தரப்போகிறேன்? சரி என்று தலையை ஆட்டினேன்.