ஐம்பதில் ஒரு டொப்

லண்டனில் கைத்துப்பாக்கி சுடுகிறேன் என்று சொன்னால் ஊரில் இருக்கும் மச்சான் முதலில் கேட்பது, "எவனைடா?" காகிதத்தை, ஐயா, காகிதத்தை. அதுவும் இந்த நாட்டுச் சட்டத்துக்குச் சின்னத் துப்பாக்கி ஆகாது. குழல் நீளமாக இருக்க வேண்டும், பின்னால் ஒரு கம்பியும் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், யாரும் சட்டைக்குள் ஒளித்துவைக்க முடியாதபடி. பார்த்தால் ரிவால்வர் குடைக்கம்பியை விழுங்கப்போய்ப் பாதியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். லைசென்ஸ் கொடுக்கும் முன் போலீஸ்காரர் வீட்டுக்கே வந்து இரும்புப் பெட்டியின் பூட்டை ஆட்டிப் பார்த்தார். பிறகு என் மனைவியிடம், இவருக்குக் கோபம் வருமா என்று கேட்டார். "பாத்திரம் கழுவச் சொன்னா மட்டும் வரும்" என்றாள் புண்ணியவதி.

என்னை இதில் இழுத்துவிட்டவர் லண்டனின் தென்கோடியில், சட்டனில் இருக்கும் பல் டாக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சென்னை, கம்ப்யூட்டர் வேலை. அவரை 'அண்ணை' என்று கூப்பிட எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. கடையில் தோட்டா வாங்குவது அவருக்குக் கௌரவக் குறைச்சல். சுட்டு முடித்த வெற்றுக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கராஜில் வைத்து, புதிதாக வெடிமருந்து போட்டு, ஈயக்குண்டு பொருத்தி, தானே தோட்டா செய்வார். கூடுகளை நிறுத்தும் தட்டில் ஐம்பது குழி, ஒன்று முதல் ஐம்பது வரை எண் போட்டிருக்கும். அவர் மருந்து அளக்கும் மெஷினின் கைப்பிடியை இழுத்து, குட்டிக் கிண்ணத்தில் மருந்து பிடித்து, எண்ணைச் சொல்லி நீட்டுவார். அந்த எண்ணுள்ள கூட்டில் நான் கொட்ட வேண்டும். "எண்ணேக்க கதைக்காதேயும்" என்பது கராஜின் ஒரே சட்டம். எனக்கோ வாயை மூடினால் மூச்சு முட்டும்.

நான் அவருக்குக் கையாளாகச் சேர்ந்த அந்தக் கோடையில் எங்கள் தோட்டாக்களுக்கு ஒரு வியாதி வந்தது. ஒரு பெட்டிக்கு ஐம்பது. அதில் ஒன்று மட்டும் டமார் என்னாமல் டொப் என்னும். குண்டு வெளியே போகாமல் குழலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும், பிடித்திருக்கும் கை போகும். அது பல் டாக்டரின் வலது கை. அந்தக் கையை நம்பித்தான் சட்டனில் பாதிப் பேர் வாயைத் திறக்கிறார்கள்.

கராஜில் ஈரம் என்றார் அவர். ஈரம் உறிஞ்சும் பெட்டி வாங்கி வைத்தோம். கூட்டின் அடியில் வைத்து மருந்தைப் பற்றவைக்கும் கேப் பழசு என்றேன் நான். புதுசு வாங்கினோம். மறுபடியும் டொப். ஒருநாள் பழி அண்ணியின் வாஷிங் மெஷின் மேல் போனது, அது ஆடுவதால் எங்கள் தராசும் ஆடுகிறது என்று. அன்றைக்கு எங்களுக்குத் தேத்தண்ணீர் கிடைக்கவில்லை.

பிறகு வந்தது கிளப் போட்டி. குறித்த நேரத்துக்குள் ஐந்து சுட வேண்டும். நான் பின்னால் நின்றேன். மூன்றாவதில் துப்பாக்கி துள்ளவில்லை. காதடைப்பான் போட்டிருந்தவருக்கு அவசரத்தில் எதுவும் உறைக்கவில்லை, கட்டைவிரல் அடுத்ததைச் சுடத் துப்பாக்கியின் சுத்தியை இழுக்கப் போய்விட்டது. "அண்ணை, நிறுத்துங்க!" என்று கத்தினேன். கேட்டால்தானே! பாய்ந்து தோளைப் பிடித்து இழுத்துவிட்டேன். சுடுகிறவரைத் தொடுவது அங்கே மகா பாவம். பொறுப்பாளரான வெள்ளைக்கார அம்மா, ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லாமல் ஆளை நாறடிக்கும் அந்த இங்கிலீஷில் என்னைக் கிழித்தார். கிழித்துக்கொண்டே குழலுக்குள் பித்தளைக் கம்பியை விட்டார். கம்பி பாதியில் நின்றது. அந்த அம்மாவும் நின்றுவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் ராஜா. "என்ர கையைக் காப்பாத்தினவர்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். அண்ணி மட்டன் ரோல்ஸ் பொரித்து அனுப்பினார். வெட்கமே இல்லாமல் தின்றேன்.

ஞாயிறு மத்தியானம் கூப்பிட்டார். ஒவ்வொரு வேலையாக மெதுவாகச் செய்து பார்ப்போம் என்றார். முதலில் மாதிரிக்கு ஒரு கிண்ணம் மருந்தைத் தராசில் நிறுத்தார், அதை மெஷினிலேயே திருப்பிக் கொட்டினார். நான் வழக்கமாக அந்த நேரம் குனிந்து குண்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டிருப்பேன். இப்போதுதான் பார்த்தேன். அவர் கைப்பிடியை இழுத்து, "லாபம்" என்று கிண்ணத்தை நீட்டினார். என் கை தானாக மருந்து டப்பாவுக்குப் போனது.

"என்ன செய்யிறீர்?"

"லாபம்னா மிச்சம்தானே அண்ணை? எப்பவும் டப்பாலதான் கொட்டறேன்."

"லாபம் எண்டா ஒண்டு! அளக்கேக்க ஆரும் ஒண்டெண்டு தொடங்குவினமோ? லாபம், ரெண்டு, மூண்டு..."

எங்கள் பக்கத்திலும் அப்படித்தானாம், பிறகு அம்மாவிடம் கேட்டேன். அரிசியைப் பாக்கெட்டில் வாங்கி வளர்ந்தவனுக்கு என்ன தெரியும்? அவர் மாதிரிக்கு நிறுத்ததுதான் ஒன்றாம் கூட்டுக்குள் போயிருக்கிறது என்று நினைத்து, 'ரெண்டு' என்றதும் இரண்டாவதில் கொட்டத் தொடங்குவேன். பெட்டிக்குப் பெட்டி முதல் கூட்டில் மருந்தே இல்லை, கேப் மட்டும் வெடித்துக் குண்டைக் குழல்வரை தள்ளியிருக்கிறது. அத்தனை டொப்பும் என் கைவேலை.

அவர் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, சட்டென்று ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கை மடியில் கிடந்தது. மருந்து போட்டதும் தட்டை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, அவர் என் எதிரில் அதைச் செய்ததே இல்லை. பழியில் பாதியையாவது அந்தப் பக்கம் தள்ளலாம் என்ற அற்பப் புத்தி எனக்கு.

"நீங்க ஒரு தடவை டார்ச் அடிச்சுப் பார்த்திருக்கலாமே, அண்ணை?"

அவர் கோபப்படவில்லை. திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

"நீர் ஊத்தினீர் எண்டபடியாத்தான் நான் பாக்கேல்லை" என்றார்.