சாந்தாமணி அக்கா பைப்பு வாய்ல வெச்ச வரட்டி

சாந்தாமணி அக்கா! நெனவு மலர் அடிக்கறதுக்கு உன்ற போட்டோ கேட்டாங்க. சிரிச்ச மாதிரி ஒண்ணுகூட இல்ல. எல்லாத்துலயும் போட்டோ எடுக்கறவனச் சந்தேகமாப் பார்த்துட்டுத்தான் நிக்கறே. அதுல ஒண்ணையே குடுத்துப்போட்டேன்.

சொந்தபந்தம் எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் எட்டாவதோட நின்னவன். எழுத வராதுங்க. பேசற மாதிரியே எழுதறேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

அக்கா பொறந்தது அன்னூருக்குப் பக்கத்துல எங்க தோட்டத்து ஊட்லதானுங்க. என்னைய விட பதினாலு வயசு மூப்பு. எங்கப்பா போர் போட்டாரு. தண்ணி பார்க்கறவரு உள்ளங்கைல தேங்காய வெச்சுட்டுக் காடெல்லாம் நடந்தாரு. தேங்கா எந்திரிச்சு நின்ன எடத்துல ஓட்டுனாங்க. தண்ணிக்குப் பதிலா மண்ணுப் புகைதான் வந்துச்சு. மூணு எடத்துலயும் புகைதான். அப்பா அதோட படுத்தவரு எந்திரிக்கல. அக்கா பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு பீளமேட்டு மில்லுக்குப் போச்சு. அம்மாவையும் என்னையும் காப்பாத்துனது அதுதான். கண்ணாலம் பேசுனா, "மாப்பிள்ள ஊட்டுக் கெணத்துல தண்ணி இருக்குதுன்னு சொல்லுவாங்க, எட்டிப் பார்த்தாத்தான தெரியும்"னு சிரிக்காமச் சொல்லும். கடைசி வரைக்கும் பண்ணிக்கவே இல்லீங்க.

மில்ல மூடுனதுக்கப்பறம் காட்டுக்கே வந்துருச்சு. ரெண்டு ஏக்கரா. சுத்தி எல்லாரும் சைட்டுக்கு வித்துட்டாங்க. அந்த நேரத்துலதான், ஆத்துல மிச்சமாப் போற தண்ணியப் பைப்புல கொண்டாந்து எங்கூர்க் கொளத்துக்கு உடறதாச் சொன்னாங்க. கொளம் நெறஞ்சா சுத்துப்பட்டுக் கெணறெல்லாம் ஊறும்.

"ரெண்டு வருசம் வந்து காட்டட்டும், வாழை வெக்கறேன். இல்லீன்னா வித்துப்போட்டு நீ வண்டி வாங்கிக்க கண்ணு"ன்னு அக்கா சொல்லுச்சு.

பைப்பு வந்துச்சு. தொறந்தன்னிக்கு மாலை, மைக்கு, போட்டோ எல்லாம் பலமா இருந்துச்சு. மக்யா நாளே தண்ணி நின்னுபோச்சு. வால்வு பார்க்கற ஆபரேட்டர் குமரேசன் அண்ணனக் கேட்டா, "விடியால ரெண்டு மணி நேரம் உட்டமுங்கக்கா. காஞ்ச கொளம், குடிச்சுருச்சு"ங்கறாரு.

அக்கா நம்பல. அன்னையிலிருந்து சாயங்காலம் போயி பைப்பு வாய்ல ஒரு சாணி வரட்டி வெச்சுட்டு வரும். தண்ணி வந்திருந்தா வரட்டிய அடிச்சுட்டுப் போயிருக்கும். இல்லீன்னா அங்கயே கெடக்கும். காலைல போயிப் பார்க்கும். தெனமும் கெடந்துச்சு.

"ஏனுங்கக்கா, ஊரெல்லாம் கேமரா மாட்டறாங்க, நீங்க வரட்டி மாட்டறீங்க"ன்னு குமரேசன் அண்ணன் கிண்டல் பண்ணுவாரு.

"கேமராவுக்குக் கரண்டு வேணும். கரண்டு உங்க கைலதான இருக்குது"ன்னும் அக்கா.

அக்காவுக்குச் சக்கரையில கால்ல புண்ணாயிருச்சுங்க. நடக்கவே கூடாதுன்னு டாக்டரு சொல்லிப்போட்டாரு. கேக்குமா? துணியச் சுத்திக்கிட்டு ரெண்டு நேரமும் கொளத்துக்குப் போகும். என்னையப் போயிப் பார்க்க உடாது. எனக்குப் பார்க்கத் தெரியாதாம்.

இத இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்லீங்க. ஒரு நா விடியறதுக்கு முன்னாடி நானே போயி அந்த வரட்டிய எடுத்து முள்ளுக்குள்ள வீசிப்போட்டேன். தண்ணி வந்துருச்சுன்னு நெனச்சாவது அக்கா ஊட்ல உக்காரும்னு பார்த்தேன்.

காலைல அக்கா கொளத்துக்குப் போச்சு, நானும் கூடப் போனேன். வரட்டியக் காணோம். கையப் பைப்புக்குள்ள உட்டுத் தடவிப் பார்த்துட்டு வெரல என்ற மூஞ்சிக்கு நேரா நீட்டுச்சு. வெரல் பூரா தூசி. "தண்ணி வந்த பைப்புல தூசி எப்புடிடா இருக்கும்? அந்தாளு எடுத்துப்போட்டுத் தண்ணி உட்டேன்னு கணக்குக் காட்டறான்"னுச்சு.

நேரா டீக்கடைக்குப் போச்சு. அங்க குமரேசன் அண்ணன் டீ குடிச்சுட்டு இருந்தாரு. அத்தன பேரு முன்னாடி, "ஏம்ப்பா, வரட்டியத் தூக்கி எறிஞ்சா கொளம் நெறஞ்சுருமா?"ன்னு கேட்டுப்போடுச்சு.

"எம்புள்ள மேல சத்தியமா நான் தொடலீங்கக்கா."

"புள்ளைய எதுக்கு இழுக்கறே? வால்வத் தொற."

அவரு பாதி டீய அப்புடியே வெச்சுட்டுப் போனாரு. நான் பைக்கப் புடிச்சுட்டுப் பக்கத்துலதான் நின்னேன். வாயத் தொறக்கலீங்க.

புண்ணு ஏறி அக்காவ ஆஸ்பத்திரியில சேர்த்துனோம். சேர்த்த மூணா நாளு கொளத்துக்குத் தண்ணி வந்துச்சு. குமரேசன் அண்ணன் வீடியோ அனுப்புனாரு. காட்டுனா, "எந்தக் கொளமோ"ன்னுருச்சு. அவரும் உடறதா இல்ல. பாட்டில்ல கொளத்துத் தண்ணி புடிச்சுட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாரு. அக்கா அத வெளிச்சத்துல தூக்கிப் பார்த்துச்சு. "பாட்டில்ல ஊத்துனா எல்லாத் தண்ணியும் ஒரே மாதிரிதான் தம்பி. நான் வந்து பார்த்துக்கறேன்"னு சொல்லித் திருப்பிக் குடுத்துருச்சு.

அவரு போனதும் என்ற கையப் புடிச்சுட்டு, "அவன நம்பாத கண்ணு. உன்னையத் தவுர நான் ஆரையும் நம்பறதில்ல"ன்னுச்சு. அப்பவாவது சொல்லியிருக்கோணும். "கஞ்சி ஆறுது, குடிக்கா"ன்னேன். மக்யா நாள் காலைல அக்கா போயிருச்சு.

அக்காவக் குளிப்பாட்டறதுக்குக் கொளத்துத் தண்ணிய ரெண்டு கொடத்துல தூக்கிட்டு வந்தவரு குமரேசன் அண்ணன்தானுங்க. வழியெல்லாம் தளும்பித் தளும்பி அவரு சட்ட பூரா நனஞ்சு போயிருந்துச்சு.

அண்ணா, அந்த வரட்டிய எடுத்தது நானுங்க. நீங்க இல்ல. டீக்கடைல இருந்தவங்க எல்லாரும் இதப் படிக்கோணும்னுதான் மலர்லயே போடச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில கூட இருந்த பெரியம்மாவுக்கும், ரத்தம் குடுத்த பசங்களுக்கும், பந்தல்ல இருந்து சாப்பாடு வரைக்கும் பார்த்துக்கிட்ட பங்காளிங்களுக்கும் கோடி கும்பிடுங்க.

இந்த வருசமும் கொளத்துக்குத் தண்ணி வந்துருச்சு. அக்கா கேட்ட ரெண்டு வருசம் ஆச்சு. காட்ட விக்கலீங்க, வாழை வெச்சுப்போட்டேன். ஆனாலும் எனக்கு நம்பிக்க வரமாட்டேங்குது. அதே பைப்புல இன்னும் நாலஞ்சு ஊருக்குத் தண்ணி கேக்கறாங்களாம். எல்லாத்துக்கும் வரும்ங்கறாங்க. எப்புடி வரும்? அதனால சாயங்காலமானா நானும் வரட்டி வெக்கறேன். குமரேசன் அண்ணன் இப்பக் கிண்டல் பண்றதில்ல.

எல்லாரும் அக்காவுக்காகச் சாமி கும்பிடோணுமுங்க. கும்பிடறப்ப கொளத்துல தண்ணி கெடக்குதுன்னு அதுகிட்டச் சொல்லுங்க. கேள்விப்பட்டேன்னு சொன்னா அக்கா நம்பாதுங்க. வந்து பார்த்துட்டுப் போயிக் கும்பிடுங்க.