இரண்டாவது பிள்ளை

மூன்று வருடங்களுக்கு முன், வெசாக் பண்டிகை முடிந்த கிழமை. கண்டி பஸ் நிலையத்துக்கு வெளியே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஹயருக்கு ஆள் வருமென்று காத்திருந்தேன். வன்னிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கி வந்து, ஒரு துண்டுக் கடதாசியை நீட்டினார். அதில் ஒரு சிங்களப் பெயரும் கட்டுகஸ்தோட்டை என்று ஊரும் இருந்தன.

அந்தப் பெயரில் அங்கே ஒரு சின்னத் தெரு, ஓர் ஒழுங்கையே இருக்கிறது. யுத்தத்தில் இறந்த ஒரு லெப்டினன்ட்டின் பெயர். எத்தனையோ தடவை அதற்குள் ஹயர் போயிருக்கிறேன். யார் அவன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

"அந்தப் பிள்ளையின்ர தாயைப் பாக்கோணும் தம்பி. எனக்குச் சிங்களம் வராது. நான் சொல்லுறத நீங்கள்தான் அவவுக்குச் சொல்லோணும்" என்றார்.

மும்மொழியும் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். "அதுக்கென்னங்க ஐயா, ஏறுங்க" என்றேன்.

ஒழுங்கையில் விசாரித்துப் போய்த் தட்டிய வீட்டில், நரைத்த தலையோடு ஓர் அம்மா கதவைத் திறந்தார். சுவரில் சீருடையில் மகனின் படம். மீசைகூடச் சரியாக அரும்பாத முகம். நான் சிங்களத்தில் வந்த விஷயத்தைச் சொன்னதும் கதிரைகளைக் காட்டினார்.

பெரியவர் சொல்லத் தொடங்கினார். கடைசிச் சண்டையில் அவருடைய இரண்டு பிள்ளைகளும் பதுங்குகுழிக்குள் சிக்கிவிட்டார்கள். போகும் வழியெல்லாம் கண்ணிவெடி. படத்திலிருந்த அந்த அதிகாரி தன் ஆட்களில் ஒருவரையும் அனுப்பவில்லை. தானே போய் மூத்தவளைத் தூக்கி வந்தான். சின்னவனும் உள்ளே இருக்கிறான் என்று இவர் அவன் காலைப் பிடித்திருக்கிறார். அவன் உடனே திரும்பிப் போனான். போகிற வழியில்தான் கண்ணிவெடி வெடித்தது.

என் மகனைச் சாவுக்கு அனுப்பியவன் நீதானா என்று அந்தத் தாய் இவரைக் கேட்டுவிட்டால்? பெரிய புத்திசாலி மாதிரி, ஒரு பிள்ளையைக் காப்பாற்றப் போன இடத்தில் உங்கள் மகன் இறந்தார் என்று மட்டும் சிங்களத்தில் சொல்லி முடித்தேன். காலைப் பிடித்த கதையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

அம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழிலேயே என்னிடம் கேட்டார்.

"தம்பி, நான் தோட்டத்துல இருபது வருஷம் புள்ளப்பேறு பாத்தவ. ஏன் அந்தச் சின்னவன விட்டுட்டீங்க?"

ஐயோ, பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்! அவர் பெரியவரிடம் திரும்பினார்.

"அந்தப் புள்ள பொழச்சிச்சா?"

பெரியவர் உடைந்துபோனார். "ஓம் அம்மா. பின்னால வந்த ஆமிக்காரர் தூக்கிக்கொண்டு வந்தவை. இந்த வருஷம் ஏ.எல். சோதினை எடுக்கிறான். காலைப் பிடிச்சது நான்தான் எண்டு உங்களிட்டச் சொல்ல இவ்வளவு காலமும் எனக்குத் துணிவு வரேல்ல."

"நீங்க கேக்காட்டியும் அவன் போயிருப்பான்" என்றார் அம்மா. "சின்னதுலயே அப்படித்தான். எதையும் பாதியில விட மாட்டான்." அதற்குப் பிறகுதான் அழுதார்.

இப்போதெல்லாம் அந்த ஒழுங்கைக்கு யார் ஏறினாலும் அவன் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். உயிரைக் கொடுத்து அவன் தேடிப் போன பிள்ளையை ஒரு பேச்சில் விட்டுவிட்டு வந்தவன் நான் என்பதால், ஒவ்வொரு தடவையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.