லாரி முடிச்சு

எங்கள் வீட்டுக்காரருக்கு முடிச்சுப் போட வராது. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிற மனிதரைப் பற்றி இப்படிச் சொன்னால் ஊர் சிரிக்கும். சிரித்தும் இருக்கிறது. வேட்டியே அவர் இடுப்பில் நிற்காது, மேலே பெல்ட் போட்டுத்தான் நிறுத்துவார். நான் அதற்கு நேரெதிர். லாரி வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். பாவாடை கட்டிய வயதிலேயே லோடு மேல் ஏறி நின்று, தார்ப்பாய்க் கயிற்றை இழுத்து, பக்கத்துக் கொக்கியில் மாட்டி, இரண்டு மடிப்பு மடித்து இறுக்குவேன். இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு அது. நான் கட்டிய லோடு பம்பாய் போய்ச் சேரும்வரை ஆடாது, அசையாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயம். அவர் ஒரு லாரியோடு பம்பாய் வரை போய்விட்டு வந்தார். அங்கே கடலில் பாய் கட்டிய சின்னப் படகுகளில் பெரிய வீட்டு ஆட்கள் போவதைப் பார்த்தாராம்.

"மீனு புடிக்கலை புள்ள. ஆளு ஏத்தலை, சரக்கு ஏத்தலை. சும்மா போறாங்க, சும்மா திரும்பி வாராங்க. அதுக்குன்னு ஒரு படகு வெச்சிருக்கறாங்க!"

எங்கள் பக்கத்தில் தண்ணீர் என்றால் வயலுக்குப் பாயும், இல்லாவிட்டால் மாடு குடிக்கும். சும்மா போய் வர யாராவது ஆற்றில் இறங்குவார்களா? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சொன்ன கதைக்காக அல்ல. அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது, இந்த மனிதர் ஒரு படகு செய்யப்போகிறார் என்று.

துணைக்கு ஒருவரும் கிடைத்துவிட்டார். சேலத்துக்காரர், கப்பலில் தச்சு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர், எங்கள் பட்டறைக்கு மர வேலைக்கு வந்துகொண்டிருந்தார். துறைமுக ஊரில் இப்படிப்பட்ட படகுகளைப் பழுது பார்த்த காலத்தில் அவற்றை ஓட்டவும் பழகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி நாமக்கல் வந்துவிடுவார். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

மூன்று மாதத்தில் பட்டறை மூலையில் இரண்டு பேர் உட்காரும் படகு ஒன்று தயாராகிவிட்டது. துடுப்பு இரண்டு, பாய்மரம் ஒன்று, திருப்புவதற்குச் சுக்கான். பாயை லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவரே கெட்டிக் கேன்வாஸில் தைத்துக் கொடுத்தார். பட்டறை ஆட்கள் கைப் பழக்கத்தில் படகின் இரண்டு பக்கமும் லாரிக்கு அடிப்பது போலவே இரும்புக் கொக்கிகளை வரிசையாக அடித்து வைத்தார்கள். பெயின்டர் முன்னால் ஒரு தாமரையை வரைந்து, பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதிவிட்டுப் போனார். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கொக்கிகளை யாரும் பிடுங்கவில்லை.

ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்கு மேல்புறம் காவிரி அகலமாக, அவசரமில்லாமல் நிற்கும். படகை லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். ஏற்றிக் கட்டியது நான்தான். முதல் இரண்டு ஞாயிறும் அவரும் அண்ணனும் போய்ப் போய் வந்தார்கள். கரையில் கூட்டம் கூடிவிட்டது. பரிசல்காரர் ஒருவர் பரிசலை நிறுத்திவிட்டு, "அக்கரைக்குப் போறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்புறம் எங்கதான் போறீங்க?" என்று கேட்டார்.

மூன்றாவது ஞாயிறு நான் ஏறுவேன் என்று அடம் பிடித்தேன். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். அதனால் அண்ணன் கரையில் நின்றார். பாயின் அடியில் குறுக்காக ஒரு கழி இருக்கும், அதிலிருந்து ஒரு கயிறு வரும். அதை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இந்தக் கயிறு உங்க கையிலயே இருக்கணும் தங்கச்சி. சும்மா விட்டுடக் கூடாது. பெருங்காத்து வந்தா மட்டும் உடனே விட்டுடணும்."

முதல் பாதி எனக்காகச் சொன்னது என்றும், இரண்டாவது பாதி கயிறு பிடிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்வது என்றும் நினைத்துக்கொண்டேன்.

கரையை விட்டு நகர்ந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. பிறந்ததிலிருந்து இன்ஜின் சத்தம் இல்லாமல் எதுவும் நகர்ந்து நான் பார்த்ததில்லை, மாட்டு வண்டி தவிர. அதற்கும் சலங்கைச் சத்தம் உண்டு. இது சத்தமே இல்லாமல் போகிறது, வேகமாகவும் போகிறது. கரையிலிருந்த ஆட்கள் சின்னதாகிக்கொண்டே வந்தார்கள். பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, முன்னால் பார்த்தபடி, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கயிறு உள்ளங்கையை அறுக்க ஆரம்பித்தது. என் கால்பக்கத்தில் கொக்கி இருந்தது. கயிறு ஒரு கையில், பக்கத்தில் ஒரு கொக்கி. என் கை என்னைக் கேட்கவே இல்லை. மாட்டி, மடித்து, இறுக்கிவிட்டேன். இனி எந்தக் காலத்திலும் விட்டுப்போகாது என்று கையைத் தட்டிக்கொண்டேன். அவர் பார்க்கவில்லை.

கை காலியானதும் வாய்க்கு வேலை வந்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்குப்போசியைத் தேடினேன், காணோம்.

"ஏனுங்க, தூக்குப்போசி எங்க?"

"லாரியிலயே இருக்குதாட்ட இருக்குது."

"ஒரு வேலை சொன்னா ஒரு வேலை உருப்படியா செஞ்சிருக்கறீங்களா?" என்று தொடங்கி, கல்யாணமான நாள்முதல் அவர் மறந்துவைத்த சாமான் ஒவ்வொன்றையும் எடுத்துப் போட்டேன். என் குரல் தண்ணீரில் நன்றாகக் கேட்கும். கரையிலிருந்து அண்ணன் கையை வீசிக் கத்தினார்.

"விடுங்க! தங்கச்சி, விடுங்க!"

புருஷன் பெண்டாட்டி சண்டையில் வழக்கம்போல ஒருத்தர் சமாதானம் பேச வந்துவிட்டார் என்று எரிச்சல் வந்தது. "நீங்க சும்மா இருங்கண்ணா, இவரைப் பத்தி உங்களுக்குத் தெரியாது!" என்று திருப்பிக் கத்தினேன். அவர் மறுபடியும், தொண்டை கிழிய, "விடுங்க, விடுங்க" என்றார். மேற்கே தண்ணீர் கறுத்துச் சுருங்கிக்கொண்டு எங்களை நோக்கி வருவதை அப்போதுதான் பார்த்தேன். ஆனி மாதத்துக் காற்று. என்ன அது என்று வாய் திறப்பதற்குள், விலக வழியில்லாத பாய் காற்று முழுவதையும் வாங்கிக்கொள்ள, படகு ஒருபக்கமாக எழுந்து நின்றது.

தண்ணீர் வாயிலும் மூக்கிலும் போயிற்று. கிணற்றில் நீந்திப் பழகியவள், மேலே வந்துவிட்டேன். படகு பக்கவாட்டில் கிடந்தது. கேன்வாஸ் தண்ணீர்மேல் பரந்து கிடந்தது. அவரைக் காணவில்லை. கேன்வாஸ் ஓரிடத்தில் உள்ளிருந்து முட்டியது. மூழ்கிப் பார்த்தேன். அவர் முழங்கால் கழிக்கும் படகின் விளிம்புக்கும் நடுவே மாட்டியிருந்தது, தலைக்குமேல் நனைந்த கேன்வாஸ். கழியை அசையவிடாமல் இழுத்துப் பிடித்திருந்தது என் கயிறு. என் முடிச்சு.

அவிழ்க்கப் போனேன். நனைந்து இறுகிக் கல்லாகியிருந்தது. நகம் பிய்ந்தது. பல்லால் இழுத்தேன். எத்தனை லோடு கட்டி அவிழ்த்த கை, ஒரு நூல்கூட நகர்த்த முடியவில்லை. கேன்வாஸ் முட்டுவது குறைந்துகொண்டே வந்தது. இதைக் கட்டிய கையை வெட்டிப்போட வேண்டும் என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"கையெடுங்க சாமி!"

பரிசல்காரர். கத்தியால் ஒரே வீச்சில் கயிற்றை அறுத்தார். கழி விலகியது. எங்கள் வீட்டுக்காரர் வெளியே வந்து இருமினார். அந்த இருமலைப்போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

கரையில் அவர் தண்ணீரைக் கக்கி முடிக்கும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு கேட்டார்.

"கயித்தைக் கட்டினது யாரு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் எங்கள் வீட்டுக்காரர், "நாந்தானுங்கண்ணா" என்றார்.

ஆற்றங்கரைக்கே கேட்கும்படி பேசுகிற நான், ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன். அண்ணன் அவரைப் பிடி பிடியென்று பிடித்தார். "இது என்ன லாரியா? சொன்னது காதுல ஏறலையா? அத்தனை கெட்டிக்காரத்தனமா? ஒரு உசுரு போயிருந்தா யாரு பதில் சொல்றது?" அவர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அண்ணன் என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நானும் தப்பித்தேன் என்று நின்றேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"விடு புள்ள" என்றார். கரையிலிருந்து அண்ணன் கத்தியதும் அதே வார்த்தைதான். ஆறு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வந்தார். பட்டறையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் முன் உட்கார்ந்து, கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். காப்பி கொண்டுபோய் நின்றேன். ஆறு நாள் சேர்த்து வைத்திருந்ததை அங்கேயே கொட்டினேன்.

"அண்ணா, அன்னைக்குக் கட்டினது நாந்தானுங்க."

"தெரியும்" என்றார், கையை நிறுத்தாமல்.

"அவரு சொல்லிட்டாரா?"

"அவன் எங்க சொன்னான்?" என்று கொக்கியை நெம்பி எடுத்துக் கீழே போட்டார். "அவன் கட்டியிருந்தா அது அவுந்திருக்கும் தங்கச்சி. யாருக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது."

ஆற்றங்கரையில் அண்ணன் திட்டியது ஒவ்வொன்றும் யாருக்கென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. காப்பி டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.