இமை கொட்டாத முகவர்

"இக்கடிதத்தைக் கொண்டுவரும் திரு. ம. வின்சன்ட் எமது கட்சியின் நீண்டகால உறுப்பினரும், சிப்பித்திடல் வட்டாரத்தின் நிலைமைகளை நன்கறிந்தவரும், வாக்கெடுப்புத் தொடங்கும் நேரம் முதல் பெட்டி முத்திரையிடப்படும் நேரம் வரை இமை கொட்டாது கண்காணிக்கும் ஆற்றல் வாய்ந்தவருமாவார்."

பிரதேச சபைத் தேர்தலுக்கு முதல்நாள் கட்சி கொடுத்த முகவர் நியமனக் கடிதம் இது. வின்சன்ட் கட்சியில் சேர்ந்து அன்றைக்குப் பத்தொன்பது நாள். வட்டாரத்தின் நிலைமைகள் என்பவை, இறங்குதுறை ஐஸ் வாடியில் மீன்காரருக்கு ஐஸ் நிறுத்துக் கொடுக்கும்போது அவர் காதில் விழுந்தவை. இமை விஷயத்துக்குப் பிறகு வரலாம்.

அவர் எதையும் இலேசில் நம்பாதவர் என்று ஊரில் பெயர். அப்படிப் பெயர் எடுத்த பலரைப் போல அவரும் எல்லாவற்றையும் நம்பினார். துறைமுகத்துக்கு வெளியே நாலு நாளாக நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல் சீமெந்து ஏற்றி வந்ததல்ல, கடலின் அடியை அளக்க வந்தது. பற்றைக்குள் நிற்கும் பழைய எண்ணெய்த் தாங்கிகளில் எண்ணெயைத் தவிர மற்ற எல்லாம் இருக்கிறது. சூடை மீன் படாத வருஷத்துக்கு நீர்மூழ்கி காரணம். அயடின் உப்பை வீட்டுக்குள் எடுக்க அவர் விட்டதில்லை. மனைவி ஐவி அதைக் குசினி அலுமாரியில் சீனிப் போத்தலுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, பத்து வருஷமாக அவருக்கு அதைத்தான் போட்டுச் சமைத்தார்.

இந்த அறிவுக்கெல்லாம் ஊற்று, நகரத்தில் ஓர் அறைக்குள் இருந்து சிந்துஜன் என்பவன் நடத்திய 'உள்வீட்டுத் தகவல்' என்ற நேரலை. ஐஸ் வாடியின் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து வின்சன்ட் தவறாமல் பார்ப்பார். முதல் பின்னூட்டம் அவருடையதாகத்தான் இருக்கும். "ஒருத்தனும் ஒண்டும் சும்மா செய்யமாட்டான்" என்பது அவருடைய வேதம். உலகத்தில் எவரும் மறந்துபோவதில்லை, எவருக்கும் கை தவறுவதில்லை, எவரும் அயர்ந்து நித்திரை கொள்வதில்லை; எல்லாம் திட்டம்.

"அப்ப நேற்று அடுப்பில பாலை வைச்சிட்டு ரோட்டில நிண்டு கதைச்சது ஆற்ற திட்டம்?" என்று ஐவி ஒருநாள் கேட்டார்.

தேர்தல் நாளில் மாதா கோயில் மண்டபம் வாக்கெடுப்பு நிலையம். வின்சன்டுக்குப் பக்கத்துக் கதிரையில் எதிர்க்கட்சியின் முகவராகத் தோப்பூர் சுஹைரா. வின்சன்டின் சட்டைப்பையில் கட்சியின் இலக்கமிட்ட ஒட்டுமுத்திரைகள் இரண்டு இருந்தன. நாலு மணிக்கு வாக்கெடுப்பு முடிந்து அலுவலர் பெட்டியை மூடி அரச முத்திரை இட்டபின், விரும்பிய முகவர்கள் தங்கள் கட்சியின் முத்திரையையும் ஒட்டலாம். பெட்டி எண்ணும் இடத்தில் இறங்கும்போது அது கிழியாமல் இருந்தால் வழியில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். அன்றைக்கு வின்சன்டுக்கு இருந்த ஒரே வேலை அதுதான்.

மத்தியானம் அவருடைய கட்சியிலிருந்து மீன் சோற்றுப் பார்சல் வந்தது. எதிர்க்கட்சி சுஹைராவுக்குப் புரியாணி அனுப்பியது. சுஹைரா றமழானில் விட்ட நோன்பொன்றை அன்று பிடித்திருந்தார். வீணாகப் போக வேண்டாமே என்று பார்சலை வின்சன்டின் பக்கம் தள்ளினார். அயடின் உப்பில் சதி கண்ட மனிதர் எதிர்க்கட்சியின் புரியாணியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மீன் சோற்றை முடித்துவிட்டு அதையும் முடித்தார். முட்டை கூட மிஞ்சவில்லை.

மூன்று இருபதுக்குச் சுவரில் அவர் தலை சாய்ந்தது. நாலு மணிக்குப் பெட்டி மூடும்போது சுஹைரா கதிரையைப் பிடித்து இரண்டு தரம் ஆட்டினார். "ஓம் ஓம், நீங்கள் ஒட்டுங்கோ" என்று கண்ணைத் திறக்காமல் ஒரு பதில் வந்தது. சுஹைரா தன் கட்சியின் முத்திரையை ஒட்டினார். அலுவலர் பதிவேட்டில், மற்ற முகவர் முத்திரையிட விருப்பம் தெரிவிக்கவில்லை என்று நாகரிகமாக எழுதிக்கொண்டார். நாலு நாற்பதுக்குக் கதிரை மடிக்கும் சத்தத்தில் வின்சன்ட் விழித்தபோது பெட்டி போய்விட்டிருந்தது.

அவருடைய கட்சி வேட்பாளர் றொஷான் ஒன்பது வாக்கில் தோற்றார். பெட்டியில் தன் கட்சியின் முத்திரை இல்லை என்பதைக் கண்டவுடன் தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "அண்ணை, சீல் ஒட்டினனீங்களோ?"

"ஓம், ஒட்டினனான்" என்றார் வின்சன்ட். வெட்கத்தில் சொன்ன பொய். இரண்டு சொல்லுக்கு மேல் செலவாகவில்லை.

மறுநாளே சிந்துஜன் அதன் மேல் மாடி கட்டினான். முகவர் ஒட்டிய முத்திரை எண்ணும் இடத்தில் இல்லை. ஆகவே அது வேறு பெட்டி. பெட்டியை ஏற்றிய வாடகை வான் வழியில் நாலு நிமிஷம் நின்றிருக்கிறது. மாடுகள் ரோட்டைக் கடந்ததாம். யாருடைய மாடுகள்? சரியாக அந்த நேரத்தில் அவற்றை அவிழ்த்துவிட்டது யார்? வானுக்குள் இரண்டு பொலிஸாரும் தேர்தல் அலுவலர் ஒருவரும் இருந்தார்கள் என்பதும் அவன் கணக்கில் சதியின் அளவைக் காட்டியது. சாரதியின் பெயர் அன்ஸார், ஊர் குறிஞ்சாக்கேணி என்று மூன்று தரம் சொன்னான். சொல்லாமல் விட்டதைப் பின்னூட்டக்காரர் சொன்னார்கள்.

வின்சன்ட் முழுவதையும் பார்த்தார். முத்திரை ஒட்டப்படவேயில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அவருக்கு மாடுகளின் மேல் சந்தேகம் வந்தது.

அன்ஸார் அந்த வானில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவார். பதினொரு பிள்ளைகள் ஒரு கிழமையில் மூன்றானார்கள். சந்தையடியில் நிறுத்தியிருந்தபோது யாரோ பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினார்கள். பெட்டிக் கள்ளன் என்று பின் கதவில் சுண்ணாம்பால் எழுதியிருந்தது. இரண்டாம் கிழமை அவர் ஐஸ் வாடிக்கு வந்து, வாசலில் நின்றபடியே கேட்டார்.

"வின்சன்ட் அண்ணே, அல்லாக்காகச் செல்லுங்க. நீங்க ஒட்டினீங்களா?"

"ஒட்டினனான் தம்பி."

"அப்ப நான்தான் கழட்டினன் எண்டு செல்றீங்க."

"நான் உம்மைச் சொல்லேல்ல."

"வேற ஆரு? மாடா?"

வின்சன்ட் ஐஸ் கட்டியை மரத்தூளால் மூடத் தொடங்கினார். ஏற்கெனவே மூடியிருந்த கட்டி அது. அன்ஸார் காறித் துப்பிவிட்டுப் போனார். அவர் மேல் படவில்லை, வாசற்படியில்தான்.

சுஹைராவும் நடந்ததை நடந்தபடி சொல்லித்தான் இருந்தார். எதிர்க்கட்சிக்காரி வேறெப்படிச் சொல்வாள் என்று அது அன்றைக்கே குப்பைக்குப் போனது. சந்தையில் வின்சன்டைக் கண்டபோது, "நான் சென்னா கட்சிக் கதை. நீங்க சென்னாத்தான் அந்த ஆளுக்கு விடிவு" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காயைப் பார்க்கத் திரும்பினார்.

பதினெட்டாம் நாள் காலை சிந்துஜன் தடியில் கைப்பேசியைப் பூட்டிக்கொண்டு றொஷானோடு ஐஸ் வாடிக்கே நேரலைக்கு வருவதாக ஏற்பாடு. வின்சன்ட் நல்ல சட்டை போட்டுக்கொண்டு தேநீருக்கு இருந்தார். ஐவி கோப்பையை வைத்தார். பக்கத்தில் சுருங்கிய ஒட்டுமுத்திரைகள் இரண்டையும் வைத்தார். தேர்தல் நாளில் போட்ட சட்டையைத் தோய்க்கும்போது பையிலிருந்து எடுத்துக் காயவைத்தவை. இலக்கம் அழியவில்லை. ஐவி அடுப்படிக்குத் திரும்பினார். அவர் வாய் திறந்திருந்தால் வின்சன்ட் சண்டை பிடித்துத் தப்பியிருப்பார்.

நேரலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் இருந்தார்கள். முத்திரையை எப்படி ஒட்டினீர்கள், மக்களுக்குக் காட்டுங்கள் என்றான் சிந்துஜன். வின்சன்ட் சட்டைப்பைக்குள் கைவிட்டு இரண்டையும் எடுத்துக் காட்டினார்.

"ஒட்டேல்ல. நான் நித்திரை."

சிந்துஜன் திறமைசாலி. இரண்டு விநாடிக்கு மேல் அவனுக்குத் தேவைப்படவில்லை. அன்று மண்டபத்தில் தேநீர் தந்தது யார் என்று கேட்டான். ஒரு முகவர், பட்டப்பகலில், கடமை நேரத்தில், தானாக நித்திரை கொள்வாரா என்று மக்களைக் கேட்டான். மக்கள் மாட்டார் என்று எழுதத் தொடங்கினார்கள். றொஷான் வின்சன்டின் தோளில் கைபோட்டார்.

"அண்ணை, உங்களுக்கு மருந்து தந்திருக்கினம். இதில உங்கட பிழை ஒண்டுமில்லை. தந்தது ஆர் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

பத்து வருஷமாக வின்சன்ட் காத்திருந்த பெருந்திட்டம் கடைசியில் அவர் வாடிக்கே வந்து, தோளில் கைபோட்டு நின்றது. தலையை ஆட்டினால் போதும். சோம்பேறி என்ற பெயர் போய், வெளிநாட்டு மருந்து கொடுத்து வீழ்த்த வேண்டிய அளவுக்குப் பெரிய மனிதர் என்ற பெயர் வரும். சுஹைரா தள்ளிய பார்சலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் பேரைச் சொன்னால் கண்ணாடி உடைக்க அடுத்த வீடும் கிடைத்துவிடும். அவருக்கு ஆசை இல்லாமல் இல்லை. முகத்தில் அது தெரிந்தது, ஆயிரம் பேரும் பார்த்தார்கள்.

"என்ர பார்சல் ஒண்டு, அவவின்ர பார்சல் ஒண்டு" என்றார். "அவ நோன்பு. ரெண்டையும் நான்தான் திண்டனான். திண்டிட்டுப் படுத்திட்டன். மருந்துமில்லை, மண்ணுமில்லை. வான்காரன் ஒண்டும் செய்யேல்ல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. அலைவரிசைக் கோளாறு என்று சிந்துஜன் பின்னர் விளக்கம் தந்தான். அந்தக் கோளாற்றை உண்டாக்கியது யார் என்பது அடுத்த நாள் நிகழ்ச்சியானது.

கட்சி வின்சன்டை நீக்கியது. எதிரியின் சோற்றுக்கு விலைபோனவர் என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. இதுவும் அவருக்குப் பொருந்தாத விவரணம்தான். ஐஸ் வாடியில் அவரைக் கண்டால் பொடியன்கள் கொட்டாவி விட்டுக் காட்டினார்கள். வானுக்கு நாலு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், மற்ற நாலு பேர் வரவில்லை. அன்ஸார் நன்றி சொல்ல வரவில்லை. வரவேண்டிய காரணமும் இல்லை.

தேர்தல் நாளன்று வின்சன்ட் இரண்டு பார்சல் சோறு தின்றுவிட்டு ஒரு மணித்தியாலமும் இருபது நிமிஷமும் நித்திரை கொண்டார். பதினேழு நாள் அதை மறைத்தார். பதினெட்டாம் நாள் சொன்னார்.