ஒரே டேங்கில் இரண்டு மருந்து

அழுகிய வெங்காயத்தின் நாற்றம் லேசில் மூக்கை விட்டுப் போகாது. தெமோதரைப் பக்கம், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே தேயிலைத் தோட்டம் கொடுத்த துண்டு நிலத்தில் வெங்காயம் போட்டிருந்தோம். என் வீட்டுக்காரர் கொழும்பில் சாப்பாட்டுக் கடை வேலையை விட்டு வந்ததே அதை நம்பித்தான். "இது கெட்டுப்போச்சுன்னா திரும்பவும் கொழும்புதான்" என்று சொல்லியிருந்தார். பயணப் பையைக்கூடப் பிரிக்காமல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

மழை விடாமல் பெய்த வாரம் தாள்கள் துவண்டன. ஒன்றைப் பிடுங்கி அழுத்தினேன். கழுத்து கொழகொழத்தது. பாக்டீரியா நோய் என்றார் விவசாயப் போதனாசிரியை, யாழ்ப்பாணத்துப் பெண். இலைக்குச் செம்பு மருந்து, மண்ணுக்கு நல்ல கிருமி உள்ள தூள் என்று எழுதித் தந்தார். இடையில் நாள் விடச் சொன்னாரோ என்னவோ, என் காதில் ஏறவில்லை. ஓடையிலிருந்து தண்ணீர் தூக்கி மேடேறுகிறவளுக்குத்தான் அந்த வலி தெரியும். ஒரு நடை மிச்சம் என்று இரண்டையும் ஒரே டேங்கில் கலந்து அடித்தேன். பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பு வேறு.

அடுத்த முறை வந்த போதனாசிரியை, டேங்க் பக்கத்தில் ஒன்றாகக் கிடந்த வெற்று மருந்துப் பைக்கட்டுகளைப் பார்த்துவிட்டார்.

"ரெண்டையும் ஒண்டாக் கலந்தனீங்களோ? செம்புக்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி எண்டு தெரியாது. எல்லாத்தையும் கொல்லும்."

நான் குனிந்து பைக்கட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நான்தாங்க மிஸ் கலந்தேன்" என்றார் என் வீட்டுக்காரர். டேங்கைத் தொட்டுக்கூடப் பார்க்காத மனிதர்!

செம்பாவது கொஞ்சம் தடுத்திருக்கும் என்று மிஸ் தைரியம் சொன்னார். அழுகியதைப் பிடுங்கித் தூரப் புதைத்தோம். யூரியாவை நிறுத்தினோம். என் வீட்டுக்காரர் வடிகால் வெட்டினார். பத்து நாள் கழித்துப் புதுத் தூளைத் தனியாகக் கரைத்து மண்ணில் ஊற்றினேன். அதற்கான தண்ணீர் முழுவதையும் அவரே தூக்கினார்.

தினமும் கொழுந்து பறிக்கப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன் பாத்தியில் குனிந்து மோந்து பார்ப்பேன். ஒரு காலை மண் வாசம் மட்டும் வந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டு பாத்தி போனது போனதுதான். மற்றதெல்லாம் கையில் கெட்டியாக நின்றது. பதுளையில் மிஸ் வேலை பார்க்கும் கந்தோருக்குப் போய் அவருக்குக் கொஞ்சம் கொடுக்க நினைத்தோம். என் வீட்டுக்காரர் ஆணியிலிருந்து பயணப் பையை எடுத்து, உள்ளே இருந்த சட்டைகளை என் கையில் கொடுத்துவிட்டு வெங்காயத்தைப் போட்டார்.

"ஐயோ, பையெல்லாம் வெங்காய நாத்தம் அடிக்குமேங்க!"

"அடிச்சா அடிக்கட்டும். நான் எங்க போகப் போறேன்?"